காகிதத்தில் வைத்த கண்

கருமத்தம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கும் தறி சாமான் கடைக்கும் நடுவில் இருந்தது ஆல்வினின் ஜெராக்ஸ் கடை. காலை பத்து மணிக்குள் ஆதார் பிரதி எடுக்க ஏழெட்டுப் பேர் வந்து போயிருந்தார்கள். பாலுசாமி வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, ஐம்பது தாண்டிய வயது. கூட்டம் கலைந்த பிறகுதான் உள்ளே வந்தார். கதவு நிலையில் இடது தோள் இடித்தது. தடவிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க."

கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட். நான்காக மடித்து, வியர்வையில் நனைந்து காய்ந்திருந்தது. நடுவில் இரண்டு வட்டங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. வட்டத்தின் விளிம்பு முழுவதும் கருப்பு. நடுவில் மட்டும் ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை. கீழே டாக்டர் நீல மையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: வாகனம் ஓட்டக் கூடாது. பக்கத்தில் கையெழுத்து, அதன்மேல் வட்ட சீல்.

"என்ன பண்ணோணுங்ணா?"

"இந்தக் கருப்பு இருக்கக் கூடாதுங்க. அந்த வரியும்."

ஆல்வின் நிமிர்ந்து பார்த்தான்.

"ஓனரு எல்லா டிரைவருக்கும் கண் டெஸ்ட் ரிப்போர்ட் கேக்கறாருங்க. அசல்கூட வேண்டாமாம். ஸ்கேன் பண்ணி வாட்ஸப்புல போட்டாப் போதுமாம்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கண்ணுல அழுத்தம் ஏறிப்போச்சுங்களாம். ஓரம் போயிருச்சு, நேரா மட்டும் தெரியுது. போனது திரும்பி வராது, இருக்கறதைக் காப்பாத்த தெனமும் சொட்டு மருந்து உடுங்கன்னாரு. உடறேனுங்க. ஆனா ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுங்கறாரு." பாலுசாமி குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தொரு வருசமுங்க தம்பி. காங்கேயத்துல எண்ணெய் மில்லு லோடு ஓட்டுனேன், இப்ப ஆளுகளை ஓட்டறேன். வேற ஒண்ணும் தெரியாது. ஊட்டுல உக்காந்தா ரண்டு மாசம் தாங்க மாட்டேன். பொள்ளாச்சியிலருந்து உங்களைத் தேடித்தான் வந்தேன். கருமத்தம்பட்டியில ஒருத்தரு இருக்காரு, அவரு மாத்துனா மாத்துனதே தெரியாதுன்னாங்க."

அப்படி ஒரு பேர் ஆல்வினுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் மனைவி அன்புக்கரசி காய்ச்சலில் இறந்து அதே இரண்டு வருடம். மகள் மதிவதனியின் பள்ளி ஆண்டு விழாப் போட்டோவில், மகளுக்குப் பின்னால் அன்புக்கரசியை நிற்க வைத்தான். தோளில் விழும் வெயில்கூடப் பொருந்தியது. பார்த்தவர்கள் அழுதார்கள். பிறகு மற்றவர்கள் தங்கள் இறந்தவர்களைக் கொண்டு வந்தார்கள். அதற்கும் பிறகு மார்க் ஷீட் வந்தது, பிறந்த தேதி வந்தது, வாடகைப் பத்திரம் வந்தது. மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அவனிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.

"எந்த வண்டி ஓட்டறீங்க?" என்று அவன் கேட்கவில்லை. "எந்த வழி?" என்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதும் தொழிலில் ஒரு பகுதியாகியிருந்தது.

தாளை ஸ்கேனரில் வைத்தான்.

ஸ்கேன் செய்த தாளில் வெள்ளை வெள்ளையாக இருக்காது, கருப்பும் கருப்பாக இருக்காது. எழுத்தின் ஓரத்தில் சாம்பல் கசிந்திருக்கும். தாளின் சொரசொரப்பு புள்ளி புள்ளியாகத் தெரியும். அவசரக்காரர்கள் புது எழுத்தைப் பளிச்சென்று ஒட்டிவிட்டு மாட்டிக்கொள்வார்கள். ஆல்வின் அவசரப்படுவதில்லை. எழுத்தை லேசாக மங்கலாக்குவான். தாளின் புள்ளிகளை அதன்மேல் தூவுவான். மடிப்பின் நிழல் எழுத்தைக் கடக்குமிடத்தில் எழுத்தையும் இருட்டாக்குவான்.

டாக்டரின் வரியை அழித்துத் தாள் நிறத்தால் நிரப்பினான். கையெழுத்தையும் சீலையும் தொடவில்லை. வட்டங்கள்தான் கஷ்டம். பாலுசாமியின் இரண்டு வட்டத்திலும் நகல் எடுத்து நிரப்பப் போதுமான வெள்ளை இல்லை. கம்ப்யூட்டரில் பழைய பைல்களைத் தேடினான். இன்சூரன்ஸுக்காக யாரோ ஸ்கேன் செய்துவிட்டுப் போன அதே மாதிரி ரிப்போர்ட் ஒன்று கிடைத்தது. முழுக்க வெளுத்த இரண்டு வட்டங்கள். யாருடைய கண் என்று அவனுக்கு நினைவில்லை. வெட்டி எடுத்து இங்கே வைத்தான். சாய்வைச் சரி செய்தான். மடிப்பின் நிழலை மேலே இழுத்துவிட்டான்.

பிறகு ஒரு பிரதி எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். அது அவன் வழக்கம். நேராகப் பிடித்தால் கண் எழுத்தைப் படிக்கப் போய்விடும். தலைகீழாகப் பிடித்தால் ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரியும். எதுவும் தெரியவில்லை.

பாலுசாமி தாளை முகத்துக்கு நேரே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இதைப் பாத்தா எனக்கே கண்ணு நல்லாயிட்ட மாதிரி இருக்குதுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அது ஜூன் மாதம்.

காலாண்டு விடுமுறை விட்டதும் ஆல்வின் மகளைக் கூட்டிக்கொண்டு வால்பாறைக்குப் புறப்பட்டான். அன்புக்கரசியின் அப்பா அம்மா அங்கே எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தார்கள். பொள்ளாச்சிக்கு வந்து சேர்ந்தபோது அரசு பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டிராவல்ஸ் மினி பஸ் நின்றது. கிளீனர் சின்னான், ஐம்பது வயது ஆள், படியில் தொங்கியபடி கத்திக்கொண்டிருந்தார்.

"ஆழியாறு, அட்டகட்டி, வால்பாறை. உக்காந்துட்டே போலாம். நாலு சீட்டுத்தான் பாக்கி."

ஆல்வினும் மகளும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு எஸ்டேட் அம்மா, மடியில் கருவாட்டுப் பை.

"நாலுன்னு சொல்லி நாப்பது பேரை ஏத்துவான்," என்றார் அவர். "கண்ணு, உன் பேரென்ன?"

"மதிவதனி. ஒண்ணாங்கிளாஸ்."

"நான் கனகம். ஒண்ணாங்கிளாஸ்கூடப் போகலை."

டிரைவர் ஏறினார். கூட்டத்துக்கு மேலே அவருடைய பின்தலை மட்டும் தெரிந்தது. வண்டி கிளம்பியது. வெயில் நன்றாக இருந்தது. தென்னந்தோப்புகள் ஓடின. ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது டிரைவர் பின்னால் திரும்பினார். கண்ணை மட்டும் திருப்பவில்லை. தலை, தோள், இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி ஆட்களை எண்ணினார். மூன்றாவது வரிசைக்கு வந்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம தம்பிங்களா."

ஜூன் மாதம் கடைக்கு வந்த அதே முகம்.

"இவரு இல்லைன்னா இன்னைக்கு நான் இந்த சீட்டுல இல்லீங்க," என்றார் பாலுசாமி எல்லோருக்கும் கேட்கும்படி. "இது உங்க பாப்பாங்களா? அம்மணி, முன்னால வா. இஞ்சின் பக்கத்துல உக்காந்தா வளைவுல தலை சுத்தாது."

ஆல்வின் வாயைத் திறப்பதற்குள் மதி முன்னால் ஓடி, டிரைவருக்கு இடப்பக்கம் இருந்த ஒற்றை சீட்டில் ஏறிவிட்டாள். கண்ணாடிக்கும் அவளுக்கும் நடுவில் எதுவுமில்லை.

கனகம் மரியாதையோடு ஆல்வினைப் பார்த்தார். "டாக்டருங்களா தம்பி?"

ஆல்வின் மகள் உட்கார்ந்த சீட்டையே பார்த்தான். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். வண்டி மலையேறத் தொடங்கியிருந்தது.

"அண்ணா," என்றான் குனிந்து. "கண்ணு இப்ப எப்பிடி? மருந்து உடறீங்கல்ல?"

"அதை நிறுத்திப்போட்டேனுங்க."

"ஏனுங்ணா?"

"எரியுதுங்க தம்பி. அப்பறம் நம்ம ரிப்போர்ட்டு போன்லயே இருக்குது. மனசுக்குப் பயமா இருந்தா எடுத்துப் பாப்பேன். சுத்தமா இருக்குதுங்களே. ஆஸ்பத்திரி மிசின்லதான் ஏதோ கோளாறுன்னு தோணுச்சு."

"அது நான் செஞ்சதுங்ணா. வேற யாரோ ஒருத்தரு கண்ணு அது."

"தெரியுமுங்க," என்றார் பாலுசாமி. கியரை மாற்றினார். "தெரியும்தான். ஆனா பாக்கப் பாக்க நம்மளுதாட்டவே ஆயிருச்சுங்க."

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. சின்னான் படியில் இறங்கி நின்று குரல் கொடுத்தார். "லெஃப்ட்டு எடம் இருக்குது, வரட்டும், வரட்டும், போதும்." இரண்டாவது வளைவிலும் அப்படியே. மூன்றாவதிலும்.

"இவன் வாயை மூடுனா வண்டி நின்னுரும்போல," என்றார் பின்னாலிருந்து ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆல்வின் மட்டும் சின்னானைப் பார்த்தான். சின்னான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறாவது வளைவு தாண்டி, சாலையின் இடது ஓரத்தில் ஒரு இளைஞன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாறைமேல் நின்ற வரையாட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்தே தெரிந்தான். அப்போது சின்னான் யாருக்கோ டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டி வேகம் குறையவில்லை. ஓரமாகவே போனது.

"அண்ணா," என்று ஆல்வின் அலறினான். சின்னானும் அலறினார். பிரேக் விழுந்தது. இளைஞன் ரோட்டோரத் தடுப்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வண்டியின் பக்கக் கண்ணாடி அவன் முதுகுப் பையைத் தட்டிவிட்டு நின்றது.

"எங்கிருந்து வந்தான் இவன்?" என்றார் பாலுசாமி. அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"அந்த அண்ணா அங்கயேதான் இருந்தாங்க," என்றாள் மதி.

யாரும் சிரிக்கவில்லை. வண்டி மறுபடியும் நகர்ந்தது. இன்னும் முப்பத்து நான்கு வளைவுகள். மேலே மலைமுகட்டில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினார்கள். கீழே ஆழியாறு அணை தெரியும் இடம். வாந்தி வந்தவர்கள் இறங்கினார்கள். ஆல்வின் மகளைத் தூக்கிக்கொண்டான். பையை எடுத்துக்கொண்டான். சின்னானிடம் போனான்.

"நாங்க இங்கயே எறங்கிக்கறோம். பின்னால வர்ற பஸ்ஸுல வந்துக்கறோம்."

சின்னான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

கனகம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நடு மலையில எதுக்குத் தம்பி எறங்கறீங்க?"

"பாப்பாவுக்கு வயிறு சரியில்லீங்க."

"அடப் பாவமே. இந்தா கண்ணு, எலுமிச்சம்பழம். மோந்து பாத்துக்கோ." சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மதி வாங்கிக்கொண்டாள். ஆல்வின் அவளைச் சுவர் ஓரமாகக் கூட்டிப் போனான். எல்லோரும் திரும்ப ஏறினார்கள். முன்சீட்டு காலியாக இருந்ததைப் பார்த்து, கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் அதில் உட்கார்ந்தாள்.

"அப்பா, என் சீட்டுல உக்காந்த அம்மா எறங்கலையா?"

அவன் வண்டியின் ஜன்னல்களைப் பார்த்தான். மகள் பத்திரமாக இருந்தாள். அவனும் பத்திரமாக இருந்தான். வண்டிக்குள் இருபத்தேழு பேர் இருந்தார்கள்.

இஞ்சின் உறுமியது. ஆல்வின் இரண்டடி முன்னால் வந்து கையைத் தூக்கினான். முன்சக்கரத்துக்கு இடப்பக்கம், ஆறடி தூரத்தில் நின்றான். "அண்ணா, நிறுத்துங்க." பாலுசாமி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. கையை இன்னும் உயர்த்தி ஆட்டினான். அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு மனிதன் ஆறடி தூரத்தில் கையை ஆட்டுகிறான், அவருக்கு அங்கே ஒருவனும் இல்லை. ஜூன் மாதத்தில் தான் அழித்த கருப்புக்குள் இப்போது தானே நின்றுகொண்டிருப்பது ஆல்வினுக்குப் புரிந்தது.

வண்டி நகர்ந்தது.

"மதி, இங்கயே நில்லு. நகராதே."

ஓடினான். நடு ரோட்டுக்குப் போனான். அந்த வெள்ளை வட்டம் எங்கே இருக்கும் என்று உலகத்தில் டாக்டருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் அவன்தான். டிரைவருக்கு நேர் எதிரே போய் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

பிரேக் அலறியது. பம்பர் அவன் முழங்காலைத் தொட்டு நின்றது.

"சாகறதுக்கு எங்க வண்டிதான் கெடைச்சுதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் திட்டினார். ஆட்கள் இறங்கினார்கள். பாலுசாமியும் இறங்கினார். ஆல்வின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கிட்டே வந்து அவன் கையைப் பிடித்தார்.

"சொல்லிப்போடாதீங்க தம்பி. உங்க காலைப் புடிக்கறேன். இந்த ஒரு டிரிப்பு மட்டும்."

ஆல்வின் அந்தக் கையை விடாமலே பேசினான்.

"இவருக்குச் சைடுல கண்ணு தெரியாதுங்க. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. அந்த வரியை அழிச்சு, நல்ல கண்ணாட்ட ரிப்போர்ட்டை மாத்திக் குடுத்தது நாந்தான். அதை நம்பி இவரு மருந்தையும் நிறுத்திப்போட்டாரு."

கைக்குழந்தைக்காரப் பெண் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமாய்யா?" என்று ஒருவர் சின்னானைப் பிடித்துக் கேட்டார்.

"நாலு மாசமா இவரோட லெஃப்ட்டுக் கண்ணு நாந்தானுங்க," என்றார் சின்னான் தரையைப் பார்த்து. "சொன்னா ரண்டு பேருக்கும் வேலை போயிருமேன்னு கத்திக்கிட்டே வந்தேன்."

கனகம் கடைசியாக இறங்கி வந்தார். ஆல்வினுக்கு முன்னால் நின்றார்.

"டாக்டரான்னு கேட்டேனே தம்பி. இல்லைன்னு ஒரு தலையாட்டக்கூட இல்லை. வயிறு சரியில்லைன்னு உங்க புள்ளையை மட்டும் எறக்கிக்கிட்டீங்க. அதுக்கு எங்கிட்டயே பழம் வேற வாங்கிக்கிட்டீங்க." குரல் உயரவில்லை. "காயிதத்துல கண்ணு வெச்சுட்டீங்க. அந்த மனுசன் அதை நம்பி மருந்தைத் தூக்கி எறிஞ்சுட்டான். அவன் மூஞ்சியில இருந்த கண்ணை எந்த மிசின்ல வெச்சுத் திருப்பி எடுப்பீங்க?"

ஆல்வின் போய், சுவரோரம் நின்ற மகளைக் கூட்டி வந்தான்.

அரை மணி நேரத்தில் அரசு பஸ் வந்தது. எல்லோரும் நெருக்கியடித்து ஏறினார்கள். சிலர் திட்டிக்கொண்டே ஏறினார்கள். கனகம் படியிலிருந்து திரும்பி, "பாப்பாவுக்குப் பசிக்கும், ஏதாச்சும் வாங்கிக் குடுங்க," என்று மட்டும் சொன்னார். சின்னான் போன் சிக்னலைத் தேடிக் கீழ்நோக்கி நடந்தார். ஓனரிடம் சொல்லி வேறு டிரைவரை வரவழைக்க வேண்டும்.

சுவர்மேல் பாலுசாமி உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் ஆல்வின். கொஞ்சம் தள்ளி மதி எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கையை ஓரத்துல நீட்டுங்க. சித்த சித்தயா நடுவுக்குக் கொண்டாங்க. ஆஸ்பத்திரியில அப்பிடித்தான் பாத்தாங்க."

ஆல்வின் கையை நீட்டினான். மெல்ல நகர்த்தினான். பாலுசாமி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கை அவர் காதைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது. மூக்குக்கு நேரே வரப்போகும்போதுதான் "தெரியுது" என்றார்.

ஆல்வின் கையை இறக்கினான்.

"ஜூன்ல இன்னும் அகலமாத் தெரிஞ்சுதுங்க," என்றார் பாலுசாமி. "இந்த நாலு மாசத்துல போனது நான் தொலைச்சதுங்களா, நீங்க தொலைச்சதுங்களா?"

"ரண்டு பேரும்தானுங்ணா. நான் முதல்ல."

பாலுசாமி அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். அன்புக்கரசி போன நாளில் தனக்கு வராத அழுகை அது என்று ஆல்வினுக்குத் தோன்றியது. பம்பர் தொட்ட முழங்கால் அவனுக்கு வலித்தது. இரண்டு வருடத்தில் உடம்பில் எங்கேயாவது வலித்தது இப்போதுதான்.

"அசல் ஸ்கேன் என்கிட்ட இருக்குதுங்ணா, அழிக்கலை. நாளைக்குக் காலைல அதை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்டப் போலாம். மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தோணும். ஓனர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். போலீசுக்குப் போனாலும் போகட்டும்."

"உங்க கடை போயிருமுங்க."

"போகட்டுமுங்க. நான் படத்தைத்தானே தொடறேன், ஆளைத் தொடலையேன்னு இத்தனை நாளும் இருந்துட்டேன். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால ஒரு ஆளு இருக்காரு. தாளுல பொய்யை ஏத்துனா அது தாளோட நிக்காதுங்ணா. யாரோ ஒருத்தரு உடம்புலதான் போய் எறங்குது. செஞ்சவனும், கேட்டு வாங்குனவனும், பாக்காம ஏத்துக்கிட்டவனும், தெரிஞ்சும் வாயை மூடுனவனும் எல்லாருமே அதுக்குப் பொறுப்புத்தான்."

பாலுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். திரையில் அந்த ரிப்போர்ட் வந்தது. வெளுத்த இரண்டு வட்டங்கள், மடிப்பின் நிழல், நீல சீல். எங்கேயும் ஒட்டுத் தெரியவில்லை.

"இதை அழிச்சுக் குடுங்க தம்பி. நானா அழிக்க மாட்டேன். மறுபடியும் பாத்துட்டு நம்பிப்போடுவேன்."

போனை ஆல்வின் இருந்த பக்கம் நீட்டினார். அது அவன் தோளைத் தாண்டி வெறும் காற்றில் நின்றது. ஆல்வின் எழுந்து போய், அவருக்கு நேர் எதிரே, ரோட்டோரத் தரையில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டான்.